முயல் கூண்டில் கினிப்பன்றி வளர்க்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். அம்பத்தூரில் மொட்டை மாடியில் காய்கறித் தோட்டமும் நான்கு முயல்களும் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் ஆசைப்பட்டதால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இரண்டு கினிப்பன்றிகள் வாங்கி வந்தோம். கம்பிவலைத் தரையுள்ள பழைய முயல் கூண்டு ஒன்று சும்மா கிடக்கிறது. அதைச் சரிசெய்து மாடியிலேயே வைத்தால் போதுமா, புதிதாக ஒன்று செய்ய வேண்டுமா?

பதில்: புதிதாகவே செய்யுங்கள், மாடியிலும் வைக்க வேண்டாம். முயலின் பாதத்தில் அடர்ந்த ரோமம் மெத்தைபோல் இருப்பதால் அது கம்பிவலையை ஓரளவு தாங்கிக்கொள்ளும். கினிப்பன்றியின் உள்ளங்காலில் ரோமமே கிடையாது. ஒன்றை மடியில் வைத்துப் பின்னங்காலைத் திருப்பிப் பாருங்கள்: மூன்றே விரல்கள், குதிகால் வரை வழவழப்பான மெல்லிய தோல். வலைமேல் சில வாரங்கள் நின்றால் அங்கே துவரம்பருப்பு அளவில் ஒரு சிவப்பு தெரியும். பிறகு பொருக்குத் தட்டும். கவனிக்காமல் விட்டால் சீழ் பிடித்து எலும்பு வரை இறங்கிவிடும். அப்படி முற்றிய ஒன்றுக்கு நான் மாதக்கணக்கில் கட்டு மாற்றியிருக்கிறேன். கடைசி வரை புண் முழுதாக ஆறவில்லை.

இரண்டு பிராணிகளுக்கு 7.5 சதுர அடித் தரை குறைந்தபட்சத் தேவை. சென்னை வீடுகளில் இடம் அருமைதான் என்றாலும், 4 அடி நீளம், 2.5 அடி அகலம் என்று 10 சதுர அடியாகவே செய்துவிடுங்கள். கினிப்பன்றி ஏறித் தாவும் பிராணி அன்று, தரையில் ஓடும் பிராணி. ஆகவே உயரத்தைக் கூட்டி அடுக்கடுக்காகச் செய்வதால் அதற்குப் பெரிய பயன் இல்லை.

8-க்கு 4 அடி பிளைவுட் ஒன்று, 12 மி.மீ. கனத்தில், தண்ணீர் தாங்கும் ரகமாக வாங்கினால் போதும். அதில் தரையை அறுத்துக்கொண்டு, நான்கு பக்கமும் 6 அங்குல உயரத்துக்குப் பலகை வரம்பு கட்டுங்கள். அதற்கு மேல் 9 அங்குலத்துக்கு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து, அரை அங்குலக் கண் உள்ள வெல்ட்மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) பொருத்துங்கள். நான்கு பக்கமும் பலகையாலேயே மூடினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் கூண்டு அடுப்பாகிவிடும். வலையைச் சட்டத்தின் உட்புறம் அடித்தால் அவை மரத்தைக் கொறிக்க முடியாது; வெட்டிய கம்பி முனைகள் ஒன்றுகூட வெளியே நீட்டாதபடி பீடிங் (ஒல்லியான மரப்பட்டி) வைத்து மூடிவிட வேண்டும். தரைக்கு வினைல் விரிப்பைத் தாம்பாளம்போல் வரம்பின் மேல் மடித்து ஏற்றி, அதன் விளிம்பையும் பீடிங்கால் மறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சிறுநீர் பலகைக்குள் ஊறி, மூன்றாவது மாதமே நாற்றம் தாங்காது. சிறுநீர் காய்ந்து வெள்ளையாகப் படிந்தால் வினிகர் ஊற்றித் துடைத்தால் விட்டுப்போகும்.

கினிப்பன்றி வெளியே தாவாது என்பதற்காக மேல்மூடியை விட்டுவிடாதீர்கள். தெருப்பூனையும் பெருச்சாளியும் உள்ளே வரும். கூண்டுக்கு ஒன்றரை அடிக் கால் வையுங்கள். எறும்புக்காகக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் பழைய வழக்கம் நல்லதுதான். ஆனால் வாரம் இருமுறை கொட்டிக் கழுவி மாற்றாவிட்டால் டெங்குக் கொசுவையும் சேர்த்து வளர்ப்பீர்கள்.

மிஞ்சிய பலகையில் ஒளிந்துகொள்ள இரண்டு பெட்டிகள் செய்து, ஒவ்வொன்றிலும் இரண்டு வாசல் விடுங்கள். ஒரே வாசல் இருந்தால், வலுத்தது வாசலை மறித்துக்கொண்டு மற்றதை உள்ளேயே அடைத்துவிடும்.

இனி வெயில். இது ஆண்டிஸ் மலைநாட்டிலிருந்து வந்த பிராணி; 18 முதல் 24 டிகிரி வரை அதற்குச் சுகம், 30-ஐத் தாண்டினால் ஆபத்து. கத்திரி வெயிலில் சென்னை 40-ஐத் தொடும்போது, மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டாலும் மதியத்துக்குள் உயிர் போய்விடலாம். ஈரச் சாக்கு தொங்கவிடும் உத்தி வறண்ட உள்மாவட்டங்களில் பலிக்கும். கடற்காற்றின் ஈரத்தில் இங்கே அவ்வளவாகப் பலிக்காது. கீழ்வீட்டில், நேர்வெயில் படாத, காற்றோட்டமான அறையில் கூண்டை வையுங்கள். உள்ளே ஒரு கடப்பாக்கல் துண்டைப் போட்டால் சூடு தணிய அதன்மேல் வந்து படுத்துக்கொள்ளும். உறையவைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் வைக்கலாம். எச்சில் வழிய, உடலைப் பரப்பிக்கொண்டு அசையாமல் கிடந்தால் ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். காதையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே உடனே வேப்பேரிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

படுக்கைக்கு, அடியில் செய்தித்தாள், மேலே பழைய பருத்தித் துண்டு, அதன்மேல் காய்ந்த புல் போதும். மர அறுவைத்தூள் மூக்கில் ஏறும், வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் புல்லில் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று முகர்ந்து பார்த்த பிறகே போடுங்கள்.

முயல்களோடு ஒரே கூண்டில் விடாதீர்கள். முயலுக்கு ஒன்றும் செய்யாத ஒரு சுவாசக் கிருமி கினிப்பன்றிக்கு நிமோனியாவைக் கொடுக்கும். வாங்கிய இரண்டும் ஆணும் பெண்ணுமா என்பதை, ஆணியடிக்கத் தொடங்கும் முன்னரே மருத்துவரிடம் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள். பெண் குட்டி 4 முதல் 6 வாரத்திலேயே சினைப்படும் தகுதி பெற்றுவிடும். சோடியாக இருந்தால் நடுவில் ஒரு வலைத் தடுப்பும், அதற்கேற்ப நீளத்தில் இன்னும் 2 அடியும் சேர்க்க வேண்டியிருக்கும்.