மாம்பழ ஐஸ் கல்லாகுதா? தண்ணியைக் குறைங்க

வணக்கம் சகோதரி. ஒரு டம்ளர் தண்ணி விட்டு மாம்பழத்தை அரைச்சு, குழந்தைக்குன்னு சர்க்கரை ரெண்டே ஸ்பூன் போட்டு ஃப்ரீசர்ல வச்சேன், கரண்டி இறங்கவே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. சிக்கல் அந்த ரெண்டுலயும்தான். சர்க்கரை வெறும் இனிப்புக்கு இல்லைங்க. கரைஞ்ச சர்க்கரை தண்ணியை முழுசா உறைய விடாது, அதனாலதான் ஐஸ் மெத்துனு வரும். குளிர்ல நாக்குக்கு இனிப்பும் கம்மியாத்தான் தெரியும், அதனால அரைக்கும்போது கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்.

அரை கிலோ பழ விழுதுக்கு 100 கிராம் சர்க்கரை, அரை மூடி எலுமிச்சை சாறு, ஒரு சிட்டிகை உப்பு. தண்ணி வேண்டவே வேண்டாம். பங்கனப்பள்ளியோ இமாம் பசந்தோ நல்லா வரும். நார்ப் பழம்னா வடிகட்டிடுங்க. ஆழமான டப்பாவுல மெதுவா உறையும், ஐஸ் துணுக்கு பெருசாகும். அகலமான எவர்சில்வர் தட்டுல ஊத்துங்க. முக்கால் மணிக்கு ஒரு தடவை, ஓரத்துல இறுகினதை முள்கரண்டியால சுரண்டி நடுவுல கலக்கிவிடுங்க. மூணு நாலு தடவை செஞ்சா போதும்.

கல்லானதைக் கொட்டிடாதீங்க. பத்து நிமிஷம் வெளிய வச்சு உடைச்சு, பொடிச்ச சர்க்கரை சேர்த்து மிக்ஸியில அடிச்சு, மறுபடி தட்டுல ஊத்தி வைங்க.