கங்காணியைத் தேடிப் பிடிப்பது எப்படி?

கோலாலம்பூரில் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். வரலாற்றுக் கட்டுரை தேடுவதைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

அக்கா, தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணி முறையைப் பற்றி ஆய்வு செய்கிறேன். ஆய்விதழ்களைச் சேர்த்துவைத்திருக்கும் ஜேஸ்டோர் தளத்தில் கொஞ்சம்தான் வருகிறது.

எப்படி எழுதித் தேடினீர்கள் தம்பி? ஆங்கிலத்தில் கங்காணிக்குக் கடைசி எழுத்தாக 'ஐ' போட்டவர்களும் உண்டு, 'ஒய்' போட்டவர்களும் உண்டு. அந்தக் கடைசி எழுத்தை விட்டுவிட்டு அங்கே ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். இரண்டும் சேர்ந்து வரும்.

இன்னொன்று. நம்மவர்களை 'கிளிங்' என்று இழிவாக ஒலிக்கும் சொல்லால் எழுதிவைத்த காலம் அது. அந்தச் சொல்லைத் தட்டக் கை கூசும்தான். தட்டாவிட்டால் பழைய கட்டுரைகள் பாதி கண்ணில் படாது.

1941 கிள்ளான் வேலைநிறுத்தம் பற்றித் தேடுகிறேன். போர்ட் கிள்ளான் என்று போட்டால் பழையது எதுவும் இல்லையே?

1972 வரை அந்த ஊர் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் அல்லவா! தெலுக் இந்தானும் 1982 வரை தெலுக் ஆன்சன்தான். பழைய பெயரையும் புதிய பெயரையும் மேற்கோள் குறிக்குள் போட்டு, நடுவில் 'அல்லது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லான OR என்பதைப் பெரிய எழுத்தில் தட்டுங்கள்.

இதழ்களும் பெயர் மாறும். ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழ் 1878இல் ஸ்ட்ரெய்ட்ஸ் கிளை, 1923இல் மலாயாக் கிளை, 1964இல் மலேசியக் கிளை. மூன்றிலும் தேடாமல் "இல்லை" என்று சொல்லாதீர்கள்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், பினாங்கு. பல்கலைக்கழகக் கணக்கு கிடையாது.

கவலை வேண்டாம் ஐயா. ஜேஸ்டோரில் இலவசமாகப் பதிந்துகொண்டால் மாதம் 100 கட்டுரை வரை திரையிலேயே படிக்கலாம். உங்கள் ஊர் யுஎஸ்எம் பல்கலைக்கழகம் நடத்தும் 'கஜியான் மலேசியா' ஆய்விதழ் எல்லாருக்கும் இலவசம். அன்றைய நாளிதழ்ச் செய்தி வேண்டுமென்றால் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம் இருக்கிறது. ஆனால் நாளிதழ்ச் செய்தியை ஆய்வுக் கட்டுரை என்று எண்ணிவிடாதீர்கள்.

நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டது. அடுத்து?

அடிக்குறிப்புகளைப் படியுங்கள். பிறகு ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில், அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களைப் பாருங்கள்.

ஏஐ ஒரு பட்டியல் கொடுத்தது அக்கா. ஒரு கட்டுரைகூட அகப்படவில்லை!

இருந்தால்தானே அகப்படும்? இதழ், தொகுதி, பக்க எண் மூன்றையும் நூலகத் தளத்தில் சரிபாருங்கள். அந்தப் பக்கத்தில் வேறு யாரோ வேறு எதையோ எழுதியிருந்தால், பட்டியலைத் தூக்கிப் போடுங்கள்.