மாலை போட்டால் குடிப்பதில்லை, கழற்றினால் குடிக்கிறார். பரிகாரத்துக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் கணவர் பெயின்டர். தினமும் 300 ரூபாய் டாஸ்மாக்குக்குப் போகிறது. ஐயப்பனுக்கு மாலை போட்டால் சொட்டுகூடத் தொடமாட்டார்; மலைக்குப் போய்வந்து கழற்றியதும் பழையபடி ஆரம்பித்துவிடுகிறார். 3 வட்டிக்கு வாங்கிய 60,000 ரூபாய் கடன் அப்படியே நிற்கிறது. 40,000 ரூபாயில் ஹோமம் செய்தால் குடியை விட்டுவிடுவார் என்கிறார் ஜோசியர். என் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைக்கலாமா?

பதில்: வையுங்கள் சகோதரி, ஆனால் அந்த வட்டிக் கடனை அடைக்க மட்டும். 60,000க்கு 3 வட்டி என்றால் மாதம் 1,800 ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். வங்கியில் நகைக்கடனுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 500தான். மிச்சமாகும் 1,300ஐ மாதாமாதம் அசலில் கட்டுங்கள். நகைக்கடன் உங்கள் பெயரில் இருக்கட்டும். பழைய கடன்காரரிடம் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போதே, எழுதிக் கொடுத்த புரோநோட்டையும் வெற்றுக் காசோலையையும் கையோடு வாங்கிவிடுங்கள்.

ஹோமத்துக்குக் கடன் வாங்கவே வாங்காதீர்கள். மனசு கேட்கவில்லை என்றால் மஞ்சள் துணியில் 11 ரூபாய் முடிந்து வைத்து வேண்டிக்கொள்ளுங்கள், போதும். பக்தியைக் குறை சொல்லவில்லை. உங்கள் வீட்டில் இதுவரை குடியை நிறுத்திக் காட்டியது அந்த மாலைதான். விடியற்காலைக் குளியல், குருசாமி, கூட இருக்கும் சாமிகள், சாயங்காலம் பஜனை என்று அந்த நாட்களில் அவருக்கு ஆள்துணை இருக்கிறது. கழற்றிய அன்றே அத்தனையும் நின்றுபோகிறது. அவர் சறுக்குவது அங்கேதான். குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. மாலை கழுத்தில் இருக்கும்போதே அங்கே போய்ப் பழகட்டும். குருசாமி சொன்னால் கேட்பார் என்றால் அவரையே சொல்லச் சொல்லுங்கள். 41 நாள் விரதத்தில் குடிக்குப் போகாத 12,300 ரூபாய் அன்றன்றே உங்கள் கைக்கு வரட்டும், அதுவும் நகைக்கடனுக்கே.

இன்னொன்று, இது பணத்தைவிட முக்கியம். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும்; சிலருக்கு வலிப்பு வரும், புத்தி தடுமாறும். உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் இந்த முறை மாலை போடுவதற்கு முன்பே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரை அழைத்துப் போங்கள். போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் அரசின் 14446 என்ற இலவச எண்ணிலும் வழி கேட்கலாம். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கச் சொல்லி யாராவது மருந்து விற்றால் வாங்காதீர்கள்.