கணவருக்குக் கில்பர்ட், மகனுக்கு ஆட்டிசம்: தொடர்பு உண்டா?

கேள்வி: எங்களுக்குத் திருமங்கலத்தை அடுத்த ஒரு கிராமம். என் மகனுக்கு மூன்றரை வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். எவர்சில்வர் டம்ளரைத் தரையில் படுக்கப் போட்டுச் சுழற்றிவிட்டு, அது நிற்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பான். சென்ற மாதம் மதுரையில் பார்த்த மருத்துவர் ஆட்டிசம் என்று சொன்னார். என் கணவர் எனக்கு அத்தை மகன். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போவார். விரதமும் நடையுமாக மூன்று நாள் கழிந்தால் அவருக்குக் கண் மஞ்சளாகிவிடும். இரத்தப் பரிசோதனையில் பிலிருபின் 2.8 இருந்தது, மற்றவை சரியாக இருந்தன. ‘கில்பர்ட்’ என்று பெயர் சொல்லி, பயம் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். மகன் பிறந்த மூன்றாம் நாள் அவனுக்கும் மஞ்சள் காமாலை கண்டு, இரண்டு நாள் லைட்டில் வைத்தார்கள். இந்தக் கல்லீரல் குறைதான் பிள்ளைக்கு ஆட்டிசமாக இறங்கியது என்று ஒரு காணொளியில் பார்த்தோம். அன்றிலிருந்து என் கணவர் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. கல்லீரலைச் சுத்தம் செய்ய மூன்று மாதத்துக்கு மருந்து தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? அடுத்த குழந்தையைப் பற்றி நினைக்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, முதலில் உங்கள் கணவர் இந்தப் பக்கத்தைப் படிக்கட்டும். அவருடைய கண்ணில் தெரியும் மஞ்சளுக்கும் உங்கள் மகனின் ஆட்டிசத்துக்கும் காரணத் தொடர்பு இருப்பதாக இன்றுவரை நிறுவப்படவில்லை. அந்த மருந்தைக் கொடுக்காதீர்கள்.

கில்பர்ட் என்பது என்ன என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் தானாகவே விலகும். நம் இரத்தச் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து சிதையும்போது, அவற்றிலுள்ள ஹீமோகுளோபினிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாகிறது. கல்லீரல் அதனுடன் குளூகுரோனிக் அமிலத்தைச் சேர்த்து நீரில் கரையச் செய்து, பித்தத்தின் வழியே வெளியேற்றுகிறது. இந்த வேலையைச் செய்யும் நொதிக்கான மரபணுவின் தொடக்கப் பகுதியில், டி.ஏ. என்ற ஈரெழுத்துத் தொடர் ஆறு முறை வருவதற்குப் பதிலாக ஏழு முறை வந்துவிட்டால், நொதி வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே வேலை செய்கிறது. சாதாரண நாட்களில் அதுவே போதும். பட்டினி, கடும் உடலுழைப்பு, காய்ச்சல், நீர் வற்றுதல் ஆகியவை வரும்போது மட்டும் நிறமி தேங்கிக் கண் மஞ்சளாகிறது. விரதம் இருந்து வெயிலில் பழனிக்கு நடப்பவரிடம் இவற்றில் மூன்று ஒன்றாகச் சேர்கின்றன. 1901-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் கில்பர்ட் இதை விவரித்திருக்கிறார். இது கல்லீரலைக் கெடுப்பதில்லை, ஆயுளைக் குறைப்பதும் இல்லை. அவர் வேளைக்குச் சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்தபடி வரும் ஆண்டும் தாராளமாக நடக்கட்டும்.

அப்படியிருக்க ஆட்டிசத்துடன் இதை ஏன் முடிச்சுப் போடுகிறார்கள் என்றால், இதே குடும்பத்தைச் சேர்ந்த நொதிகள் பாராசிட்டமால் முதலிய பல மருந்துகளையும் ஹார்மோன்களையும் கழிவாக மாற்றி அனுப்புகின்றன. ‘கழிவு வெளியேறாவிட்டால் நஞ்சு தேங்கும், நஞ்சு தேங்கினால் மூளை பாதிக்கும்’ என்ற ஊகம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. கேட்பதற்குக் கோவையாக இருப்பதால் பலரும் நம்பிவிடுகிறார்கள். ஆனால் கோவையாக இருப்பது வேறு, மெய்ப்பிக்கப்படுவது வேறு. கில்பர்ட் பல நாடுகளில் நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இருக்கிறது. அப்படியானால், எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும்கூட, ஆட்டிசம் உள்ள நூறு குழந்தைகளின் தந்தையரைப் பரிசோதித்தால் ஐந்து முதல் பத்துப் பேரிடம் அது தென்படத்தான் செய்யும். கில்பர்ட் ஆண்களிடமே அதிகம் வெளிப்படுகிறது, ஆட்டிசமும் ஆண் குழந்தைகளிடமே அதிகம் கண்டறியப்படுகிறது. ஆகவே இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்து தெரிவதில் வியப்பில்லை.

பிறந்தபோது வந்த காமாலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதுதான் உங்களை உள்ளூர அரிக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். டென்மார்க்கில் ஏழு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளின் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வில், நிறைமாதத்தில் பிறந்து காமாலை கண்ட குழந்தைகளிடம் ஆட்டிசம் கூடுதலாகக் காணப்பட்டது உண்மை. ஆனால் கலிஃபோர்னியாவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வு, பிற காரணங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு, பிலிருபின் அளவுக்கோ ஒளிச்சிகிச்சைக்கோ ஆட்டிசத்துடன் தொடர்பு தெரியவில்லை என்றே முடித்தது. உங்கள் மகனை லைட்டில் வைத்தது பிலிருபின் மூளையைத் தொடும் அளவுக்கு ஏறாமல் தடுப்பதற்காகத்தான். அது சரியான சிகிச்சை.

இங்கே ஒன்றை மட்டும் நீங்கள் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டும். பிலிருபின் மிக அதிகமாக ஏறினால் முதலில் பாதிக்கப்படுபவற்றுள் ஒன்று செவி நரம்பு. கூப்பிட்டால் திரும்பாத குழந்தை ஆட்டிசத்தால் திரும்பாமல் இருக்கலாம். காது சரியாகக் கேளாமலும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். தட்டைத் தட்டினால் திரும்புகிறானே என்று வீட்டில் சொல்வதை வைத்து முடிவு செய்யக் கூடாது, ஏனென்றால் ஓசை கேட்டும் சொல் தெளிவாகக் கேளாத நிலை ஒன்று உண்டு. ஆட்டிசம் என்று பெயர் சொன்னதோடு நிறுத்திவிட்டு, ‘பெரா’ என்ற செவிப் பரிசோதனை செய்யப்படாத பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்குப் பதைபதைப்பாக இருக்கும். உங்கள் மகனுக்கு அது செய்யப்பட்டதா என்று கடிதத்தில் இல்லை. செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

கல்லீரலுக்கும் மூளைக்கும் எந்தக் காலத்திலும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1934-இல் நார்வேயில் ஒரு தாய், மனவளர்ச்சி நின்றுபோன தன் இரு குழந்தைகளின் சிறுநீரில் ஏதோ விநோத வாடை வருகிறதே என்று மருத்துவர் மருத்துவராக அலைந்தார். கடைசியில் ஃபோலிங் என்ற மருத்துவர் அந்தச் சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடு என்ற வேதிப்பொருளை விட்டபோது அது பச்சையாக மாறியது. கல்லீரலில் இயங்க வேண்டிய ஒரு நொதி பிறவியிலேயே இல்லாததால் ஃபினைல்அலனைன் என்ற புரதக்கூறு தேங்கி மூளையைக் கெடுக்கும் ‘ஃபினைல்கீட்டோனூரியா’ அப்படித்தான் கண்டறியப்பட்டது. இந்தக் குறையோடு பிறந்து, உரிய உணவுக் கட்டுப்பாடு இல்லாமல் வளரும் குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் சாயல்கள் தெரிவதுண்டு. இது கில்பர்ட்டைப் போலப் பரவலானது அன்று, அரியது. ஆனால் பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பழுது வந்தால்தான் வெளிப்படும் என்பதால், சொந்தத்தில் மணம் முடித்தவர்களின் குழந்தைகளிடம் இத்தகைய குறைகளுக்கு வாய்ப்புக் கூடுகிறது. எனவே அத்தை மகனை மணந்த விவரத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லி, வளர்சிதை மாற்றக் குறைகளுக்கான இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். காணொளியைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி அதுதான், கில்பர்ட் அன்று.

சுத்திகரிப்பு மருந்தை நான் மறுப்பதற்குக் காரணம் உண்டு. கீழாநெல்லியை மோரில் கலக்கிக் குடித்து வளர்ந்த ஊர்க்காரர்கள்தான் நாம், அதை இகழவில்லை. ஆனால் மூன்றரை வயதுப் பிள்ளைக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதப்படாத பொட்டலத்தை மூன்று மாதம் கொடுத்தால், நன்றாக இருக்கும் கல்லீரலுக்கே கேடு வரலாம். உடலிலிருந்து உலோகங்களை நீக்குவதாகச் சொல்லி ஏற்றப்பட்ட மருந்தால் 2005-இல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன் உயிரிழந்தான். அதோடு, அந்த மூன்று மாதமும் பயிற்சி தொடங்காமல் கழிந்துவிடும்.

பயிற்சிதான் இப்போது அவனுக்குத் தேவை. பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி இவற்றுக்காக மாவட்ட அளவில் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் அரசால் நடத்தப்படுகின்றன. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவில் கேட்டால் வழிகாட்டுவார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றிருப்பதால் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். வீட்டில் டம்ளரைப் பிடுங்காதீர்கள். அவன் எதிரே தரையில் உட்கார்ந்து, நீங்களும் ஒரு டம்ளரைச் சுழற்றி, ‘சுத்து’, ‘நின்னுச்சு’ என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்லி, அவன் உங்கள் முகத்தைப் பார்க்கும் கணத்துக்காகக் காத்திருங்கள். இதைத் தினமும் உங்கள் கணவர் செய்யட்டும்.

அடுத்த குழந்தை பற்றி: ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தால், அடுத்ததற்கும் வருவதற்கான வாய்ப்புச் சுமார் ஐந்தில் ஒன்று. இதற்கும் கில்பர்ட்டுக்கும் சம்பந்தமில்லை. மரபியல் ஆலோசகர் ஒருவரைப் பார்த்த பிறகு இருவருமாக முடிவெடுங்கள். பெற்றெடுத்தால், பிறந்ததிலிருந்தே வளர்ச்சியைக் கவனித்து, பதினாறாம் மாதத்தில் ஆட்டிசத்துக்கான முதற்கட்டக் கேள்வித்தாளைக் கொண்டு பரிசோதியுங்கள்.

கேள்வி: எனக்குக் கில்பர்ட் இருக்கிறது, ஐந்து மாதக் கர்ப்பிணி. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் சாப்பிட்டால் குழந்தைக்கு ஆட்டிசம் வருமா?
— ஒரு வாசகி, மேலூர்

பதில்: ஸ்வீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த ஏறத்தாழ 24.8 லட்சம் குழந்தைகளை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஆய்வில், ஒரே தாய்க்குப் பிறந்த உடன்பிறப்புகளை ஒப்பிட்டபோது, கர்ப்ப காலத்தில் எடுத்த பாராசிட்டமாலுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. கில்பர்ட் உள்ளவர்களும் அதை வழக்கமான அளவில் எடுத்துக்கொள்ளலாம். தணிக்காமல் விட்ட கடும் காய்ச்சல்தான் கருவுக்குத் தீங்கு. மருத்துவர் சொன்ன அளவில், தேவையான நாட்களுக்கு மட்டும் சாப்பிடுங்கள். காய்ச்சல் நாளில் வெறும் வயிற்றோடு கிடக்காமல் கஞ்சியாவது குடியுங்கள். குழந்தை பிறந்த பின் உடல் மஞ்சளானால், இளவெயிலில் காட்டினால் போதும் என்று காத்திருக்காமல், உங்களுக்குக் கில்பர்ட் இருப்பதைச் சொல்லி அன்றே பிலிருபின் பார்க்கச் சொல்லுங்கள்.