பாம்பின் முதுகில் அடிபட்டால்...

கேள்வி: முறைப்படி பதிவு செய்து ஒரு கார்ன் ஸ்நேக் (விஷமில்லாத வெளிநாட்டுப் பாம்பு) வளர்க்கிறேன். நேற்று கண்ணாடிப் பெட்டியின் மூடி அதன் நடுமுதுகில் விழுந்துவிட்டது. வால்பக்கம் துவண்டு இழுபடுகிறது. பாட்டி வேப்பெண்ணெய் தடவி நீவிவிடச் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: வேண்டாம் தம்பி, நீவவே கூடாது. பாம்புக்கு முதுகெலும்புகள் 200 முதல் 400 வரை இருக்கும். ஒன்று விலகியிருந்தாலும், நீவுகிற விரலே உள்ளே ஓடும் தண்டுவடத்தை நசுக்கிவிடும். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் நான் கால்நடை மருத்துவராக இருந்தபோது, வலையில் சிக்கிய சாரைப்பாம்பு ஒன்றை வாளியில் சுருட்டிப்போட்டு பைக்கில் கொண்டுவந்தார்கள். வழியில் பட்ட குலுக்கலை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டி உங்கள் ஊரில் சுலபமாகக் கிடைக்குமே. கழுவிக் காயவைத்து, காற்றுக்குத் துளையிட்டு, மடித்த துண்டை விரியுங்கள். பாம்பின் உடல் முழுவதையும் தாங்கிப் பிடித்து, வளையாமல் கிடத்துங்கள். ஏறுவதற்குக் குச்சி எதுவும் வேண்டாம். மருத்துவர் பார்க்கும்வரை இரையும் கூடாது. வீட்டிலிருக்கும் வலி மாத்திரையைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். அடிபட்ட இடத்துக்குப் பின்னால் மெதுவாகத் தொட்டால் அசைகிறதா, எச்சம் போகிறதா என்று குறித்துவையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

எக்ஸ்ரே இல்லாமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போன் செய்து, பாம்பைப் பார்ப்பார்களா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். எலும்பு கூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். பகல் வெயிலில் வேண்டாம், விடியற்காலையில் புறப்படுங்கள்.