ஒரே துண்டு ஏன் சுற்றிச் சுற்றி வருகிறது? – வாசகர் கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இளையராஜா பாட்டிலேயே ஊறிய காது என்னுடையது. கல்லூரியில் படிக்கும் மகள் இரண்டு ஆல்பங்களைக் கேட்கச் சொன்னாள்: மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்', ராப் பாடகர் நாஸின் 'இல்மாட்டிக்'. முதலாவது உடனே பிடித்துவிட்டது. இரண்டாவதை மூன்று தடவை போட்டும் உள்ளே நுழைய முடியவில்லை. ஒரே துண்டு இசை சுற்றிச் சுற்றி வருகிறது, அதன்மேல் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டே போகிறார், வார்த்தையும் பிடிபடவில்லை. கேட்பது சமையலறையில், சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரில். மெட்டே இல்லாத இதில் எதைத்தான் கேட்பது?

ர.

அன்புள்ள ர.,

காதில் கோளாறு இல்லை. ஸ்பீக்கரில் கொஞ்சம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

மெட்டு எப்போது விரியும் என்று காத்திருக்கிறீர்கள். ராஜாவின் பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே இசை எங்கெங்கோ போய்த் திரும்பும். 'இல்மாட்டிக்'கில் அந்தப் பயணம் கிடையாது. இசை அங்கே தரை. அதன்மேல் நடப்பது குரல். தரை ஏன் நகரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஆட்டம் கண்ணில் படாது.

நுழைவதற்கான வாசல் உங்களுக்குப் பிடித்த ஆல்பத்திலேயே இருக்கிறது. 'த்ரில்லர்' ஏழாவது பாட்டு 'ஹ்யூமன் நேச்சர்'. அதைக் கேட்ட கையோடு 'இல்மாட்டிக்'கின் பத்தாவது, கடைசிப் பாட்டைப் போடுங்கள். அதே மிதக்கும் சிந்தசைஸர் இழை, இப்போது கனமான டிரம்ஸுக்கு மேலே. 1982இல் வந்த பாட்டிலிருந்து இந்த 1994 ஆல்பத்துக்காக இசையமைப்பாளர் லார்ஜ் ப்ரொஃபெஸர் வெட்டியெடுத்தது. ஜாக்சனிடம் அந்த இழை பாட்டோடு சேர்ந்து எங்கோ போகும்; இங்கே வந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து நிற்கும். இரண்டையும் அடுத்தடுத்து நான்கைந்து தடவை கேட்டால், சாம்பிள் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

துண்டு ஏன் அவ்வளவு சின்னது? ரசனை ஒரு காரணம், எந்திரம் இன்னொன்று. லார்ஜ் ப்ரொஃபெஸரும் அதே ஆல்பத்தில் இன்னொரு பாட்டுக்கு இசை அமைத்த பீட் ராக்கும் கைவசம் வைத்திருந்தது ஈ-மியூ எஸ்பி-1200 என்ற சாம்பிள் பதியும் எந்திரம். மொத்த நினைவகமே 10 விநாடி. ஒரு துண்டு இரண்டரை விநாடியைத் தாண்டக் கூடாது. நிமிடத்துக்கு 90 தாள அடி வேகத்தில் இரண்டு பார், அதாவது எட்டு அடி, இசைக்கே 5.3 விநாடி தேவை. அப்படியே எடுத்தால் பாதி நினைவகம் காலி, அதையும் மூன்றாக நறுக்கியாக வேண்டும். அதனால் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய எல்பி தட்டை 45இல் ஓட்டிப் பதிவுசெய்து, எந்திரத்துக்குள் வேகத்தைக் குறைப்பார்கள். 10 விநாடிக்குள் பதின்மூன்றரை விநாடி இசை அடங்கிவிடும். அது ஒலியை நுணுக்கம் குறைவாகப் பதியும் 12-பிட் எந்திரம் என்பதால், இப்படி இழுத்ததில் ஒலி சொரசொரப்பானது. அந்தச் சொரசொரப்பையே பிற்பாடு எல்லாரும் தேட ஆரம்பித்தார்கள் என்பது வேறு கதை.

இனி குரல். முதல் தடவை வார்த்தையை விட்டுவிடுங்கள். தாளத்தை எண்ணுங்கள். ஒரு பாருக்கு நாலு அடி. ஆதி தாளம் போட்டுப் பழகியவர் என்றால் ஒரு ஆவர்த்தனத்தில் இரண்டு பார் அடங்கும். ஸ்நேர், அதாவது டிரம்ஸில் 'டப்' என்று வெடிக்கும் அடி, 2இலும் 4இலும் விழும், கையை அங்கே தட்டுங்கள். நம் கை வழக்கமாக 1ஐத் தேடிப் போகும். 1, 3இல் தட்டினால் பாட்டு நொண்டுவது போலிருக்கும். வழக்கமான ஒரு வெர்ஸ் (நம் சரணம் மாதிரி) 16 பார், 90 அடி வேகத்தில் சுமார் 43 விநாடி. இப்படி எண்ணிக்கொண்டே இரண்டாவது பாட்டான 'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்' கேளுங்கள். வாக்கியம் பார் முடியும் இடத்தில் முடிவதில்லை. அடுத்த பாருக்குள் வழிந்து, நடுவில் நின்று, அங்கிருந்தே அடுத்தது கிளம்பும். இதற்கு இசை அமைத்த டிஜே ப்ரீமியரின் பியானோத் துணுக்கு அசையாமல் இருப்பதால்தான் இந்த வழிதல் தெரிகிறது. பின்னணியும் கூடவே ஆடினால் குரலை எதை வைத்து அளப்பது?

தமிழ்க் காதுக்கு ஒரு சிக்கல் உண்டு. எதுகை என்றால் நாம் இரண்டாம் எழுத்தின் மெய்யைத் தேடுவோம். ராப் பாடகர் கோப்பது பெரும்பாலும் உயிரை. பாதை, காளை, நாரை என்று மூன்று சொல் வந்தால் நமக்கு எதுகை அமையவில்லை; அவர்களுக்கு ஆ-ஐ, ஆ-ஐ, ஆ-ஐ என்று கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அதுவும் வரி முடிவில் மட்டுமல்ல, வரிக்குள்ளேயே மூன்று நான்கு இடத்தில். நாஸ் இதில் கில்லாடி. இரண்டாவது தடவை கேட்கும்போது வரிகளை எதிரே வைத்துக்கொண்டு ஒரே ஒரு வெர்ஸை மூன்று முறை கேளுங்கள், ஒத்து வரும் உயிர்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பொருளை அதன்பிறகு தேடலாம். இணையத்தில் ரசிகர்கள் எழுதும் பொழிப்புரைகளில் பாதி ஊகம்.

ஸ்பீக்கருக்கு வருவோம். கிக் டிரம்மும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) பேஸும் பெரும்பாலும் 50 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் குடியிருப்பவை. உள்ளங்கை அகல ஸ்பீக்கரால் அந்த இடத்தை ஒழுங்காக எட்ட முடியாது. 'த்ரில்லர்' ஆல்பத்தின் 'பில்லி ஜீன்' அப்படியும் தப்பிக்கும்: முதலில் டிரம்ஸ் தனியாக, பிறகு பேஸ், பிறகு சிந்தசைஸர், அரை நிமிடம் நெருங்கும்போதுதான் குரல் என்று ஒவ்வொன்றுக்கும் இடம்விட்டுக் கட்டிய பாட்டு அது. ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் அதை 91 தடவை மிக்ஸ் செய்து, கடைசியில் இரண்டாவது மிக்ஸையே எடுத்தார்கள். 'இல்மாட்டிக்'கில் அடித்தளம் போனால் மிஞ்சுவது பேச்சும் சலசலப்பும்தான். நீங்கள் கேட்டதும் அதைத்தான்.

பேஸ் பூஸ்ட் போடாதீர்கள். சின்ன ஸ்பீக்கர் கரகரக்கும், குரலும் கலங்கும். வயர் வைத்த இயர்போன் போதும். பேஸ் மெலிந்து கேட்டால் சிலிக்கான் முனை காதில் அடைப்பாக உட்காரவில்லை என்று அர்த்தம், ஒரு அளவு பெரிதாக்குங்கள். செயலியில் ஷஃபிளையும் (வரிசையைக் கலைப்பது) கிராஸ்ஃபேடையும் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலப்பது) அணைத்துவிடுங்கள். கெட்ட வார்த்தை நீக்கிய பதிப்பில் ஓட்டை ஓட்டையாக மௌனம் விழுந்து தாளம் கெடும்; 'ஈ' (E) அடையாளமிட்ட பதிப்பே சரி, சமையலறையில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்குமே ஆண்டுவிழாப் பதிப்புகள் கூடுதல் பாட்டுகளோடு கிடைக்கின்றன. 'த்ரில்லர்' ஒன்பதோடும், 'இல்மாட்டிக்' பத்தோடும் முடிந்துவிட்டன, அதற்குமேல் ஓடவிடாதீர்கள்.

ஷஃபிள் எவ்வளவு கெடுக்கும் என்று பார்க்க ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் 2015 ஆல்பமான 'டு பிம்ப் எ பட்டர்ஃபிளை'. ஒரு கவிதை பாட்டுக்குப் பாட்டு சில வரிகள் கூடி வளர்ந்து, கடைசிப் பாட்டில்தான் முழுதாக வரும். ஆனால் அது ஏறக்குறைய 79 நிமிடம். இப்போதைக்கு வேண்டாம்.

அதற்கு முன்னால் ராப் பாடகி எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசத்தின் 'கலா' (2007). அம்மாவின் பெயரை வைத்த ஆல்பம். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' இரண்டிலும் அடிப்பது சென்னையில் பதிவுசெய்த உறுமி. வளைந்த குச்சியைத் தோலில் தேய்க்கும்போது எழும் அந்த முனகல் உங்களுக்குப் புதிதல்ல. சமையலறை ஸ்பீக்கரில் அதுவும் கேட்காது.