சீட்டு வாங்கும் இடத்தில் என்ன சொல்வது?

அன்புள்ள ஐயா,

மேலூருக்கு அருகே ஒரு கிராமத்தில் மகளிர் சுய உதவிக் குழுவை நடத்தி வருகிறேன். சென்ற மாதம் எங்கள் சமுதாயக் கூடத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோய், பால்வினை நோய்கள் குறித்து விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தோம். நாற்பது பெண்கள் வந்தார்கள். குனிந்த தலை நிமிரவில்லை, ஒரு கேள்வியும் எழவில்லை. எல்லோரும் போனபின் டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த என்னிடம் மூன்று பேர் தனித்தனியாக வந்து, "வெள்ளைப்படுதுக்கா, எங்க போய்க் காட்டணும்?" என்று காதோடு கேட்டார்கள். இவ்வளவு கூச்சமுள்ள ஊரில் இத்தகைய கூட்டங்களால் என்ன பயன்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கூட்டம் வீணாகிவிட்டது என்ற வருத்தம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. டம்ளர் கழுவும் இடத்தில் வந்த அந்த மூன்று கேள்விகளையே நான் கூட்டத்தின் பலனாகக் கொள்கிறேன். மூவரும் கேட்டது எங்கே போவது என்பதைத்தான். மேடையில் பேசியவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நான் கேட்ட இவ்வகைப் பேச்சுகளில் பெரும்பாலானவை நோயின் பெயரில் தொடங்கி அச்சத்தில் முடிந்துவிடுபவை.

மதுரை பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், மாதத்தில் இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் தங்கும் வைத்தியரின் சுவரொட்டியைப் பார்த்திருப்பீர்கள். பால்வினை நோய்களுக்கும் ஆண்மைக்கும் மருந்து தருவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் சட்டமே தடை செய்கிறது என்றாலும், அந்தச் சுவரொட்டியிடம் நாம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. வெட்டை, வெள்ளை, நரம்புத் தளர்ச்சி என்று நோயாளி தன் வாயால் சொல்லும் சொற்களே அதில் இருக்கும். கிழமை, நேரம், அறை எண் எல்லாம் இருக்கும். நம் விழிப்புணர்வுப் பலகைகளில் அறிவுரை இருக்கும், அறை எண் இருக்காது. 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று 2003 வாக்கில் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரங்களில் தமிழகம் முழுவதும் கேட்கப்பட்ட கேள்வி எல்லோரையும் பேச வைத்தது (ராஜா என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் அப்போது பட்ட பாடு தனிக்கதை). எனக்கோ கேள்வி நினைவிருக்கிறது, சோதித்துக்கொள்ள எங்கே போகச் சொன்னார்கள் என்பது நினைவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் உறவுக்காரப் பையன் ஒருவனை ஓர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். பிறப்புறுப்பில் வலியில்லாத ஒரு புண். எனக்குத் தெரியும், அவன் வீட்டுக்குத் தெரியாது. சீட்டு கொடுக்கும் இடத்தில் இருந்தவர், வரிசை முழுவதற்கும் கேட்கும்படி, "என்னப்பா உடம்புக்கு?" என்றார். பையன், "காய்ச்சல்" என்றான். காய்ச்சல் சீட்டோடு பொது மருத்துவரைப் பார்த்து, பாராசிட்டமால் மாத்திரைகளை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களைப் பார்க்கும் பிரிவுக்குப் பெயர் 'சுகவாழ்வு மையம்', அதைக் கேட்டால் போதும், வேறு எதையும் சொல்ல வேண்டியதில்லை என்பதை இரண்டு வாரம் கழித்தே தெரிந்துகொண்டேன். ரத்தப் பரிசோதனையில் அது சிபிலிஸ், பழைய பெயரில் மேகப்புண், என்று தெரிந்தது. தொடக்க நிலையில் பென்சிலின் ஊசியால் முழுமையாகக் குணமாகும் நோய் அது. புண் தானாக ஆறிவிடும், நோய் உள்ளே தங்கிவிடும் என்பதும், துணைவருக்கும் சேர்த்துச் சிகிச்சை செய்ய வேண்டும் என்பதும் சொல்லப்பட வேண்டிய செய்திகள்.

கருப்பை வாய்ப் பரிசோதனையைப் பற்றியும், அறைக்குள் என்ன நடக்கும் என்பதைச் சொல்லுங்கள். 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் செய்கிறார்கள். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை மிகவும் நீர்க்கச் செய்து, பஞ்சால் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறுதல் அடைந்த இடம் இருந்தால் வெளுத்துத் தெரியும். வெளுத்ததெல்லாம் புற்றுநோய் ஆகாது, அடுத்த சோதனை தேவை என்பதுதான் பொருள். புற்றாக மாறப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், முன்னதாகப் பார்த்துவிட்டால் சிறு சிகிச்சையோடு போகும். மயக்க மருந்தோ கத்தியோ இல்லாத சோதனை என்று தெரிந்தாலே பாதிப்பேர் வந்துவிடுவார்கள்.

எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம். கட்டணம் கிடையாது, 1097 என்ற இலவச எண்ணிலும் விவரம் கேட்கலாம். ஒருவரின் முடிவை அவர் இசைவின்றி வெளியே சொல்வதை 2017ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிராமத்தில் நோயைவிட, யாருக்குத் தெரியவரும் என்ற பயமே பெரிது.

அந்த மூவருக்கு: வெள்ளைப்படுவதெல்லாம் நோயல்ல. நாற்றம், அரிப்பு, நிற மாற்றம், அடிவயிற்று வலி இருந்தால் காட்டியே ஆக வேண்டும். உறவுக்குப் பின் ரத்தம் பட்டால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் நாளைக் கேட்டுக்கொண்டு நீங்களே உடன் போய்வாருங்கள். சீட்டு வாங்கும் இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பேருந்திலேயே சொல்லிவிடுங்கள்.